மருத்துவத்தில் நாய்க்கு என்ன வேலை?

மருத்துவத்தையும் நாயையும் சேர்த்துச் சொன்னால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது ஊசிதான். அதுவும் தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசி. அந்த ஊசி இப்போது இல்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை 2000-களின் நடுவிலேயே இந்தியா கைவிட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், அதுவும் நான்கைந்து தவணைதான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும், அதையும் கேட்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 100க்கு 99 வரை நாய் மூலமாக வருவதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது இந்த நோய்க்காகத்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாயின் நன்மைகளை எழுதுகிறவர்கள் கடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. கடியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. இனி இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் தடுப்பூசி போட்ட, குணம் தெரிந்த, பழக்கிய நாய்களைப் பற்றியது.

சரி, அப்படிப்பட்ட நாய் மனிதனின் உடல்நலத்துக்கு என்ன செய்கிறது? "நாய் வளர்த்தால் பிரஷர் குறையும்", "நாய் கேன்சரைக் கண்டுபிடிக்கும்", "நாய் இருந்தால் டிப்ரஷன் வராது" என்று வாட்ஸ்அப்பில் எல்லாம் கலந்து வருகிறது. உண்மையில் இங்கே நான்கு வகை நாய்கள் இருக்கின்றன. வீட்டில் சும்மா வளரும் நாய் ஒன்று. தன்னை வளர்ப்பவரோடு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய், அங்கே இருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரும் தெரபி நாய் இன்னொன்று. ஒரே ஒரு மனிதருக்கென்று மாதக்கணக்கில் பழக்கப்பட்டு, அவருக்குக் கண்ணாகவோ காதாகவோ இருக்கும் உதவி நாய் மூன்றாவது. ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளை மோந்து பார்த்து நோயைச் சுட்டும் மோப்ப நாய் நான்காவது. இவை செய்யும் வேலை வேறு, பயிற்சி வேறு. முக்கியமாக, எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த ஆதாரத்தை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டும்போதுதான் குழப்பம் வருகிறது.

பேசாத பையனும் ஜிங்கிள்ஸும்

தெரபி நாயின் கதையைப் பலரும் போரிஸ் லெவின்சனிடமிருந்து தொடங்குவார்கள். நியூயார்க்கில் யெஷிவா பல்கலைக்கழகத்தில் இருந்த குழந்தை மனநல நிபுணர் அவர். 1950-களில் ஒரு நாள், யாரிடமும் ஒட்டாத ஒரு பையனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். வழக்கமாக நோயாளிகள் வரும்போது அறையில் இருக்காத ஜிங்கிள்ஸ் என்ற அவருடைய நாய் அன்று அங்கேயே இருந்தது. அது நேராகப் பையனிடம் ஓடி முகத்தை நக்கியது. பையன் பயப்படவில்லை, கட்டிக்கொண்டான். லெவின்சன் நாயை விரட்டாமல் விட்டதுதான் இதில் முக்கியம். அடுத்தடுத்த சந்திப்புகளில் பையன் நாயோடு விளையாட வந்தான். மெல்ல அந்த விளையாட்டுக்குள் மருத்துவரையும் சேர்த்துக்கொண்டான்.

1961-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தில் இதைப் பற்றி அவர் பேசியபோது கேலி செய்தார்கள். வாங்கும் பீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டவர்களும் உண்டாம். 1962-இல் அது கட்டுரையாக வந்தது. நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்றே அதில் குறிப்பிட்டார். நாய் குணப்படுத்தியது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் போக முடியாத இடத்துக்கு நாய் வழி திறந்தது, மீதி வேலையை மருத்துவர் செய்தார். இந்த வரிசை இன்று வரை மாறவில்லை. தெரபி நாய் மருந்துக்குப் பதிலாக வருவதில்லை, மருந்தோடு சேர்ந்து வருகிறது.

லெவின்சனுக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944-இல், நியூ கினியா காட்டில் ஒரு குட்டி யார்க்‌ஷயர் டெரியர் கிடைத்தது. இரண்டு கிலோவுக்கும் குறைவான எடை. ஸ்மோக்கி என்று பெயர் வைத்து வில்லியம் வின் என்ற அமெரிக்க வீரர் அதை வளர்த்தார். அவருக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் படுத்தபோது நண்பர்கள் நாயை அங்கே கொண்டுவந்தார்கள். நர்சுகள் அதை மற்ற வீரர்களின் படுக்கைக்கும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தெரபி நாய் என்ற பெயர் அப்போது கிடையாது. அடிபட்டுப் படுத்திருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது, நர்சுகள் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிடித்திருக்கிறது என்பது வேறு, பயன் இருக்கிறது என்பது வேறு. யாராவது வந்து பேசிவிட்டுப் போனாலே நோயாளிக்குத் தெம்பு வருமே, நாய் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் நடந்த ஒரு சோதனை இதற்குத்தான் பதில் தேடியது. இதயச் செயலிழப்போடு படுத்திருந்த 76 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாயோடு ஒரு தன்னார்வலர் 12 நிமிடம். இன்னொரு குழுவுக்கு நாய் இல்லாமல் தன்னார்வலர் மட்டும் 12 நிமிடம். மூன்றாவது குழுவுக்கு யாரும் இல்லை. பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளில் முதல் குழுவின் மதிப்பெண் 24 சதவீதம் குறைந்தது, இரண்டாவது குழுவுக்கு 10 சதவீதம், மூன்றாவது குழுவில் மாற்றமில்லை. ஆக, மனிதர் வந்து போனதிலும் கொஞ்சம் பயன் இருந்தது, நாய் வந்ததில் அதைவிடக் கூடுதல். 2005-இல் அமெரிக்க இதய சங்கக் கூட்டத்தில் இந்த முடிவை வெளியிட்டார்கள். 76 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனால் கேள்வியைச் சரியாகப் பிரித்துக் கேட்ட விதத்துக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? நாயைத் தடவிக்கொடுக்கும்போது மூச்சு சீராகிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்குகின்றன, பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் குறைகிறது. இதில் அதிகம் பேசப்படுவது ஆக்ஸிடோசின். பிரசவத்தின்போதும் பால் கொடுக்கும்போதும் தாய்க்குச் சுரக்கும் ஹார்மோன் அது. ஜப்பானின் அசபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாயையும் வளர்ப்பவரையும் அரை மணி நேரம் ஒரே அறையில் விட்டு, முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரையும் சோதித்தார்கள். ஒருவரை ஒருவர் அதிக நேரம் கண்ணோடு கண் பார்த்த ஜோடிகளில் இருவருக்குமே ஆக்ஸிடோசின் கூடியிருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. பல்லாயிரம் வருடம் நம்மோடு இருந்து, நம் கண்ணைப் பார்க்கப் பழகிய விலங்கு நாய். ஓநாய்க்குக் கண்ணோடு கண் பார்ப்பது என்றால் மிரட்டல்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. நாய் தப்புக் கண்டுபிடிக்காது. குழந்தைகள் சத்தமாக வாசிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும். அறையில் ஒரு நாய் இருந்தால் அந்த ஏற்றம் குறைகிறது என்று 1983-லேயே பார்த்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் குழந்தைகளை நாய்க்குப் புத்தகம் வாசித்துக்காட்டச் சொல்லும் திட்டமே தொடங்கியது. திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளையை நாய் இடைமறித்துத் திருத்தாது, பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்காது. நம் பள்ளிகளில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நடுங்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

ஆசியாவில் இந்த வேலையைப் பரவலாக்கியதில் ஜில் ராபின்சன் என்ற விலங்கு நல ஆர்வலருக்குப் பங்குண்டு. 1991-இல் ஹாங்காங்கில் 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தை அவர் தொடங்கினார். சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு அதே பெயரில் சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் நாய்களை அழைத்துப் போயிருக்கிறது.

நாய் வளர்த்தால் ஆயுள் கூடுமா?

இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும்.

1980-இல் எரிக்கா ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். இதய நோயால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தவர்கள் 3 பேர். பிராணி இல்லாத 39 பேரில் இறந்தவர்கள் 11 பேர். நாய் மட்டுமில்லை, வேறு பிராணிகள் வைத்திருந்தவர்களும் முதல் கணக்கில் உண்டு. அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத கேள்வியை இந்த ஒரு கட்டுரை இதய மருத்துவர்களின் மேஜைக்குக் கொண்டுவந்தது.

அப்புறம் வந்ததில் பெரியது ஸ்வீடன் ஆய்வு. அந்த நாட்டில் ஒவ்வொரு நாயையும் பதிவு செய்வது 2001 முதல் கட்டாயம். ஆகவே யார் வீட்டில் நாய் இருக்கிறது என்பதற்கும், யார் எந்த நோயால் மருத்துவமனைக்குப் போனார் என்பதற்கும் அரசுப் பதிவேடே இருக்கிறது. 40 முதல் 80 வயது வரையான 34 லட்சம் பேரின் 12 வருடக் கணக்கை எடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். தனியாக வாழ்பவர்களில், நாய் வைத்திருந்தவர்களுக்கு மரண வாய்ப்பு நாய் இல்லாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. குடும்பத்தோடு இருப்பவர்களிலும் வித்தியாசம் இருந்தது, ஆனால் அது சுமார் 11 சதவீதம்தான். தனிமைதான் இங்கே முக்கியம் என்று இதிலிருந்து ஊகிக்கத் தோன்றுகிறது.

ஊகம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாய் வைத்திருப்பவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நலமாக இருப்பவர்கள்தான் நாய் வாங்குகிறார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாமே! மூட்டு வலியால் மாடிப்படி இறங்க முடியாதவர் நாய்க்குட்டி வாங்கமாட்டார். கையில் காசு இல்லாதவரும் வாங்கமாட்டார். வயது, வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் சரிக்கட்டித்தான் ஆய்வாளர்கள் இந்தச் சதவீதங்களைச் சொல்கிறார்கள். என்றாலும் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட முடியாது. ஒரு மாத்திரையைச் சோதிப்பதுபோல் பாதிப் பேருக்குச் சீட்டுக் குலுக்கி நாயைக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் பத்து வருடம் பார்க்க வழியும் இல்லை. அமெரிக்க இதய சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தத் தயக்கம் தெரியும். நாய் வளர்ப்பது இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும் என்று சொல்லிவிட்டு, அதற்காகவென்றே நாய் வாங்காதீர்கள் என்றும் சொன்னது. என் கணிப்பில் இந்த விஷயத்தில் இதுவரை வந்ததில் நேர்மையான வாக்கியம் அதுதான்.

ஓரளவு தெளிவாகத் தெரியும் காரணம் ஒன்று உண்டு, நடை. இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற அளவை எட்டும் வாய்ப்பு நாய் வைத்திருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட நான்கு மடங்கு இருந்தது. மழையோ குளிரோ, நாய் கதவைப் பிறாண்டினால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் இது நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவருக்குத்தான். நாள் முழுக்கச் சங்கிலியில் கேட்டோடு கட்டிப்போட்டு வளர்க்கும் நாயால் யாருடைய சர்க்கரையும் குறையாது. வாட்ச்மேன் நடத்திக்கொண்டு போகிற வீடு என்றால் நன்மை வாட்ச்மேனுக்கு.

ஒருவருக்கென்றே ஒரு நாய்

உதவி நாய்களில் பழையது பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய். முதல் உலகப் போரில் விஷவாயுவால் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1929-இல் அமெரிக்காவில் 'தி சீயிங் ஐ' என்ற நிறுவனம் வந்தது.

இந்த நாய்க்குச் சொல்லித்தருவதில் கஷ்டமான பாடம் கீழ்ப்படியாமை. முன்னால் போ என்று பார்வையற்றவர் கட்டளையிடுகிறார், எதிரே சத்தமில்லாமல் ஒரு கார் வருகிறது. அந்த நேரத்தில் நாய் கட்டளையை மீறி நின்றுவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சொன்னதைக் கேட்டு, இந்த இடத்தில் மட்டும் கேட்காமல் இருப்பதற்கு எல்லா நாய்க்கும் மூளை வராது.

நம் ஊரில் வழிகாட்டி நாயை ஏன் பார்ப்பதே இல்லை என்றால், நடைபாதை இல்லை என்பது ஒரு காரணம், தெருமுனைக்குத் தெருமுனை எல்லை பிரித்து வைத்திருக்கும் தெரு நாய்கள் இன்னொரு காரணம். பழகிய நாய் என்றாலும் அந்த எல்லைக்குள் அமைதியாக நடந்து போக முடியாது. இங்கே வெள்ளைக்கோல்தான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

போருக்குப் போய் வந்து கெட்ட கனவில் அலறி எழும் முன்னாள் வீரர்களை, கனவு தொடங்கும்போதே முட்டி எழுப்பிவிடும் நாய்களும் அமெரிக்காவில் உண்டு. வலிப்பு வந்தவரின் பக்கத்தில் நின்று குரைத்து வீட்டாரைக் கூப்பிடும் நாய்களும் உண்டு. வலிப்பு வந்த பின் உதவுவதைச் சொல்லிக்கொடுக்கலாம். வருவதற்கு முன்பே உணர்வதைச் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு நிச்சயமான காரியமில்லை. இரண்டையும் ஒன்றாக்கி விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மூக்கு

சித்த மருத்துவத்தில் நீர்க்குறி என்று ஒரு சோதனை உண்டு. நோயாளியின் சிறுநீரில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்ப்பார்கள். மணமும் அதில் ஒன்று. சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் அமிலம் கூடியவரின் மூச்சில் பழ வாசனை வரும் என்பது இன்றைய மருத்துவ மாணவர்களுக்கும் பாடம். நோய்க்கு வாசனை உண்டு என்பதில் புதுமை எதுவும் இல்லை. நம் மூக்குக்கு எட்டாத அளவிலும் அது இருக்கிறது, நாய்க்கு அது எட்டுகிறது. புதிதாகத் தெரியவந்தது அவ்வளவுதான்.

எப்படி எட்டுகிறது? மனித மூக்கில் வாசனை வாங்கும் செல்கள் சுமார் 50 லட்சம் என்று கொண்டால், நாய்க்கு 20 கோடிக்கு மேல். இனத்துக்கு இனம் இது மாறும். எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. நாய் மோப்பம் பிடிக்கும்போது உள்ளே போகும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகிறது, மற்றொரு பங்கு மூக்கின் பின்னால் வாசனைக்கென்றே இருக்கும் மடிப்புகளுக்குப் போய்த் தங்குகிறது. மூச்சை வெளியே விடும்போது மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக விடுகிறது. அதனால் எதிரே இருக்கும் வாசனை கலைந்து போவதில்லை. ஒரு நொடிக்கு ஐந்து தடவை வரை இப்படி மோந்து பார்க்கும்.

நோய் வந்த உடலில் செல்களின் வேலை மாறுகிறது. அப்போது எளிதில் ஆவியாகும் சில வேதிப்பொருள்கள் கூடுகின்றன, சில குறைகின்றன. மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாக அவை வெளியே வருகின்றன. நாய் பிடிப்பது அந்தக் கலவையை. நாய்க்குப் புற்றுநோய் என்றால் என்னவென்று தெரியாது. இந்த வாசனை வந்தால் உட்கார்ந்துவிடு, பிஸ்கட் கிடைக்கும் என்பதுதான் அதற்குத் தெரிந்தது.

மருத்துவ இதழில் இது முதலில் வந்தது 1989-இல், லான்செட் இதழில் இரண்டு பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் எழுதிய ஒரு சிறு கடிதமாக. ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவருடைய நாய் விடாமல் மோந்துகொண்டே இருந்தது. மற்ற மச்சங்களை அது சட்டை செய்யவில்லை. கடைசியில் அதைக் கடித்தே எடுக்கப் பார்த்தது. அவர் மருத்துவரிடம் போனார். அது மெலனோமா என்ற தோல் புற்று. ஆரம்ப நிலையிலேயே அகற்றிவிட்டார்கள்.

ஒரு நாய், ஒரு மச்சம் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். முறையான சோதனை 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ள ஒருவரின் சிறுநீர், இல்லாத ஆறு பேரின் சிறுநீர், ஆக ஏழு மாதிரிகளை வரிசையாக வைத்தார்கள். நாய் சரியானதன் பக்கத்தில் படுக்க வேண்டும். ஆறு நாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது தடவை, மொத்தம் 54 முயற்சி. 22 தடவை சரியாகச் சொன்னது, அதாவது 41 சதவீதம். ஏழில் ஒன்று என்பதால் குருட்டாம்போக்கில் சொன்னாலே 14 சதவீதம் சரியாக வரும். ஆகவே நாய்கள் எதையோ உண்மையாகவே பிடித்தன. அதே சமயம், பாதிக்கு மேல் தவறின என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த ஆய்வில் எனக்கு மறக்காத இடம் அதன் பயிற்சிக் கட்டம். புற்றுநோய் இல்லை என்று சோதித்துச் சேர்த்த ஒருவரின் மாதிரியை நாய்கள் எல்லாமே புற்றுநோய் என்று காட்டிக்கொண்டிருந்தன. நாய்தான் தப்பு என்று பயிற்சியாளர்கள் விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. அவரை மறுபடி பரிசோதித்ததில் வலது சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது.

இந்த ஆய்வில் இருந்தவர்களில் ஒருவரான க்ளேர் கெஸ்ட் 2008-இல் இங்கிலாந்தில் 'மெடிக்கல் டிடெக்‌ஷன் டாக்ஸ்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னால் காம்பியாவில் மலேரியாவுக்கு ஒரு சோதனை நடந்தது. குழந்தைகள் இரவு முழுக்க அணிந்திருந்த நைலான் காலுறைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே நாய்கள் அவற்றை மோந்து பார்த்தன. மலேரியா இருந்த குழந்தைகளின் காலுறைகளில் 70 சதவீதத்தையும், இல்லாதவர்களின் காலுறைகளில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லின. அந்தக் குழந்தைகள் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பது இதில் விசேஷம். அறிகுறி இல்லாமலே ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களைத் தேடிப் பிடிக்க ரத்தம் எடுக்காத வழி ஒன்று கிடைத்தால் மலேரியா ஒழிப்புக்கு அது பெரிய உதவி.

கொரோனா காலத்தில் இது நம் பக்கமும் வந்தது. 2020 செப்டம்பரில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் மோப்ப நாய்களை நிறுத்தினார்கள். 2021 பிப்ரவரியில் இந்திய ராணுவம் டெல்லியில் தன் நாய்களைக் காட்டியது. அதில் காஸ்பர் என்ற காக்கர் ஸ்பேனியலோடு ஜெயா, மணி என்று இரண்டு சிப்பிப்பாறை நாய்களும் இருந்தன. வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்து கொரோனாவைச் சுட்ட மீரட்டில் அவற்றைப் பழக்கியிருந்தார்கள். விருதுநகர் மாவட்டத்து சிப்பிப்பாறை, முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய். மோப்ப வேலைக்கென்று யாரும் முதலில் நினைக்கும் இனம் அல்ல. அது இந்த வேலைக்குப் போனதில் விருதுநகர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டால் தப்பில்லை.

இவ்வளவு திறமை இருந்தும் ஸ்கேன் சென்டரில் ஏன் நாய் உட்கார்ந்திருக்கவில்லை? நாய் களைத்துப்போகும், அலுத்துப்போகும். ஒரு நாய் சொல்வதை இன்னொரு நாய் சொல்வதில்லை. பயிற்சி கொடுத்த மாதிரிகளின் மருத்துவமனை வாசனையையே அது மனப்பாடம் செய்திருக்கவும் கூடும். கூட வரும் பயிற்சியாளருக்கு விடை தெரிந்திருந்தால், அவர் உடம்பு தன்னை அறியாமல் காட்டும் சாடையை நாய் படித்துவிடும். அதனால் நல்ல ஆய்வுகளில் பயிற்சியாளருக்கும் எது எது என்று தெரியாமல் வைக்கிறார்கள். நாய் எந்த வேதிப்பொருளைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, அதை உணரும் கருவியைச் செய்வதுதான் பல ஆய்வுக்கூடங்களின் உண்மையான நோக்கம்.

சர்க்கரை நோயாளிகளுக்கான எச்சரிக்கை நாய்களும் இதே ரகம். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும்போது மூச்சில் ஐசோபிரீன் என்ற பொருள் கூடுவதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எட்டுப் பெண்களிடம் அளந்து பார்த்தார்கள். நாய் பிடிப்பது அதையாக இருக்கலாம். ஆனால் நடைமுறையில் சில நாய்கள் நன்றாகச் சொல்கின்றன, சில அடிக்கடி பொய் எச்சரிக்கை தருகின்றன. நாய் இருக்கிறது என்று குளுக்கோமீட்டரைப் பரணில் போட்டுவிட முடியாது.

நாய் நக்கினால் புண் ஆறுமா?

ஆறாது. இந்த நம்பிக்கை நம்மிடம் மட்டுமில்லை. பழைய கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற ஊரில் வைத்தியக் கடவுள் அஸ்க்லேபியஸின் கோயிலில் நாய்கள் இருந்தன. ஒரு பையனின் கழுத்துக் கட்டியைக் கோயில் நாய் நக்கிக் குணமாக்கியதாக அங்கே கல்வெட்டே உண்டு. நாயின் எச்சிலில் சில கிருமிகளைக் கொல்லும் பொருள்கள் இருப்பதும் நிஜம். ஆனால் அதே வாயில் கேப்னோசைட்டோஃபாகா போன்ற கிருமிகளும் வாழ்கின்றன. மண்ணீரல் அகற்றப்பட்டவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், அதிகம் குடிப்பவர் ஆகியோரின் ரத்தத்தில் அது கலந்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே ரேபிஸ் வேறு இருக்கிறது. தடுப்பூசி போடாத நாய் திறந்த புண்ணை நக்கினால், கடித்ததற்குச் சமமாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த நாய் போகலாம்?

தெரபி வேலைக்கு நாயை அழைத்துப் போவதென்றால் ஆண்டுத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. போகும் முன் குளிப்பாட்ட வேண்டும். தொடுகிறவர்கள் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். பச்சை மாமிசம் தின்னும் நாயை மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை, அதன் கழிவில் சால்மொனெல்லா என்ற கிருமி போகும் என்பதால். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்க்கப் போன நாய்களின் முடி வழியாக, மருந்துக்கு அடங்காத ஒரு வகைப் பாக்டீரியா ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போகக்கூடும் என்று தெரிந்தது. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவில் குளிப்பாட்டி, வார்டில் இருக்கும்போது அவ்வப்போது அதே மருந்துத் துணியால் துடைத்ததும் பரவல் நன்றாகக் குறைந்தது. நாய் முடி ஒத்துக்கொள்ளாதவர்களும், நாய் என்றாலே பயப்படுகிறவர்களும் வார்டில் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் உள்ளே கூட்டிப் போவது சிகிச்சை ஆகாது.

இனம் ஒரு பொருட்டில்லை. லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் அதிகம் தென்படுவது அவற்றின் சாந்தத்தால்தான். அதே சாந்தம் இருந்தால் நாட்டு நாயும் போகலாம். அறிமுகமில்லாத ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் ஒதுங்காமல் நிற்கிறதா, சக்கர நாற்காலி பக்கத்தில் வந்தால் மிரளாமல் இருக்கிறதா, பின்னால் ஒரு தட்டு விழுந்தால் திடுக்கிட்டுவிட்டு உடனே சமாதானம் ஆகிறதா என்று சோதிப்பார்கள். கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் நாய்க்குப் போதும் என்பதன் அடையாளங்கள். அவை தெரிந்ததும், நேரம் மீதி இருந்தாலும், சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.